சென்னை நூறு என்றால்

பிப்ரவரி 10, திங்கள்

இன்று காலை பதினொன்று இருபதுக்கு, வடையைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன். மூன்று நாள் யோசனைக்குப் பின் எடுத்த முடிவு. இரண்டு இட்லி மட்டும் என்றால் கணக்கு சுத்தமாக இருக்கும். ஆனால் நம் நாட்டில் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறவர்கள் நோயாளிகளும் ரயிலுக்கு நேரமானவர்களும்தான். ஆகவே இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி. நான்கு நகரங்களும் இனி இதனால் அளக்கப்படும். முடிவைத் தேதியிட்டுக் கோப்பில் வைத்தேன். மாற்றுக் கருத்து இருந்தால் தெரிவிக்கலாம் என்று ஒரு பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். புள்ளிவிவரப் பிரிவில் இருப்பது நான் ஒருவன்தான்.

எங்கள் கம்பெனி தண்ணீர் மோட்டார் விற்கிறது. சென்னையில் தலைமை அலுவலகம். கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று மூன்று கிளைகள். முதலாளி பெரியவர் காலமாகி இரண்டு வருடமாகிறது. இப்போது அவர் பேரன், வயது முப்பத்தொன்று, வெளிநாட்டில் நிர்வாகம் படித்தவர், எல்லோருக்கும் சின்னவர். போன வாரம் கூப்பிட்டுக் கேட்டார்: “பிச்சாண்டி சார், நாலு ஊர்லயும் எல்லாருக்கும் மாசச் சம்பளத்தோட ஒரே ஒன்பதாயிரம் படி கொடுக்கறோம். திருநெல்வேலில வாழறதும் சென்னைல வாழறதும் ஒண்ணா?”

இல்லை என்றேன். அதைப் புள்ளிவிவரமாகச் சொல்லச் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காபி, சர்க்கரையுடன்.

பிப்ரவரி 19, புதன்

கிளைகளுக்குத் தொலைபேசியில் பேசி விலைப் பட்டியல் திரட்டினேன். இட்லி, வடை, காபி: சென்னையில் எண்பத்தைந்து, திருநெல்வேலியில் ஐம்பத்தெட்டு. இரண்டு அறை வீடு: இங்கே குரோம்பேட்டையில் பதினாறாயிரம், பாளையங்கோட்டையில் எட்டாயிரம். இதுவரை ஊருக்கு ஊர் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

அதற்கப்புறம் தெரியவில்லை. கேஸ் சிலிண்டர், பெட்ரோல், செல்போன் ரீசார்ஜ், பற்பசை, ரத்த அழுத்த மாத்திரை, கல்லூரிக் கட்டணம். மேலே விலை அச்சடித்து வருகிற எதற்கும் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரிவதில்லை. விலைகளை மட்டும் வைத்துப் பார்த்தால், சென்னை நூறு என்றால் திருநெல்வேலி எழுபத்தாறு.

சின்னவருக்கு எழுபத்தாறு பிடிக்கவில்லை. “இது கடைக்காரன் சொல்ற விலை சார். எனக்கு வீட்டுல என்ன செலவாகுதுன்னு வேணும். ஆக்சுவல் டேட்டா.”

மாலையில் வீட்டுக்காரர் வந்திருந்தார். ஜூன் முதல் மூவாயிரத்தைந்நூறு கூட்டுகிறார். காரணம் கேட்டதற்கு மெட்ரோ வருகிறது என்றார். எப்போது வருகிறது என்று கேட்டேன். வரும் என்றார். என் மனைவி வசுமதி அவருக்குக் காபி கொடுத்தாள். அவர் போன பிறகு, சர்க்கரை போடவில்லை என்று சொன்னாள். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் எதிர்ப்பு.

பிப்ரவரி 25, செவ்வாய்

வீட்டுச் செலவுப் படிவம் தயாரித்தேன். ஊழியர் ஒவ்வொருவரும் மார்ச் மாதம் முழுவதும் வீட்டில் ஆன செலவை எழுதி அனுப்ப வேண்டும். புதிதாக ஒன்றை வடிவமைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று, பெரியவர் காலத்துப் படிவம் ஒன்று கணினியில் இருந்ததை எடுத்துக்கொண்டேன்.

பெரியவர் சிக்கனக் கேடயம் என்று ஒன்று வருடாவருடம் கொடுப்பார். எந்தக் கிளை பேனா, பேப்பர், டீ, மின்சாரம் எல்லாவற்றிலும் குறைவாகச் செலவழித்ததோ அந்தக் கிளைக்கு. விழா, மாலை, பெரியவர் கையால் கேடயம், பிறகு சிக்கனத்துக்கு ஏற்ற சாப்பாடு. திருநெல்வேலி ஆறு முறை வாங்கியிருக்கிறது. அதில் நான்கு முறை நானும் அந்தக் கிளையில் இருந்தேன். ஒரு குண்டூசியை மூன்று கோப்புகளுக்குப் பயன்படுத்திய ஊர்.

படிவத்தில் ‘டீ’ என்று இருந்த இடத்தில் ‘பால்’ என்றும், ‘எழுதுபொருள்’ என்று இருந்த இடத்தில் ‘மருந்து’ என்றும் மாற்றினேன். தலைப்பு ‘செலவு விவரம்’ பொருத்தமாகவே இருந்தது. அடியில் பெரியவரின் வாசகம், ‘குறைந்த செலவு, நிறைந்த பெருமை’, அலங்காரக் கட்டத்துக்குள் இருந்தது. எடுத்தால் பக்கம் மொட்டையாகத் தெரிந்தது. விட்டுவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

தங்கதுரை பேசினார். திருநெல்வேலிக் கிளையின் கணக்கர். நான் அங்கே இருந்த பதினோரு வருடமும் பக்கத்து மேஜை, பக்கத்து வீடு. ஒரே மகள் ஜெமிமா இப்போது பிளஸ் டூ. வசுமதிக்கு முதல் பிரசவத்தில் உடம்பு மோசமானபோது அவர் மனைவி செல்வமணி நாற்பது நாள் எங்கள் வீட்டில்தான் சமைத்தார். குழந்தை தங்கவில்லை. செல்வமணி அதன் பிறகும் பத்து நாள் வந்தார். இது கணக்குக்குச் சம்பந்தமில்லாதது. தங்கதுரை யார் என்பதற்காக எழுதினேன்.

“அண்ணாச்சி, சொகமா இருக்கியளா? மைனி எப்படி இருக்காவ?”

“இருக்கோம். ஜெமிமா பரீட்சை எழுதறாளா?”

“எழுதுதா. பயாலஜி நல்லா எழுதிருக்கேங்கா. நாகர்கோயில்ல நர்சிங் காலேஜ்ல சொல்லி வச்சிருக்கேன். மாசம் ஆறாயிரம் சீட்டு ஒண்ணு போட்டுட்டு வாரேம்லா, ஜூன்ல எடுத்துக் கட்டிட்டா மொத வருசம் ஓடிரும். அது கெடக்கட்டும். படிவம் வந்துட்டு அண்ணாச்சி.”

“சரியா எழுதி அனுப்புங்க.”

“அத எங்ககிட்ட விட்டுருங்க. கோயம்புத்தூர்க்காரன் கிட்டயே வர முடியாது பாத்துக்கிடுங்க.”

சிரித்தார். நானும் சிரித்தேன். லைனில் இரைச்சல் இருந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

படிவங்கள் வந்து சேர்ந்தன. நான்கு ஊர் மக்களின் குணநலன்களை இனி யாரும் ஆராய வேண்டியதில்லை. தாராளமாக எழுதி அனுப்பிவிட்டார்கள்.

சென்னைக்காரர்கள் ஒரு மாதத்துக்கு இரண்டு மாதச் செலவு எழுதியிருக்கிறார்கள். டெஸ்பாட்ச் பிரிவில் ஒருவர் நாய்க்கு முடிவெட்டியதைச் சேர்த்திருக்கிறார். கோவைக்காரர்கள் ரசீது இணைத்திருக்கிறார்கள். திருச்சிக்காரர்கள் பாதிப் படிவத்தில் ‘போன மாதம் போல’ என்று எழுதியிருக்கிறார்கள். போன மாதம் என்ன என்பது எனக்குத் தெரியாது.

திருநெல்வேலியின் ஒன்பது படிவங்களும் ஒரே கையெழுத்தில், கோடு போட்டு, வரிசையாக. தங்கதுரையின் குடும்பம், மூன்று பேர்: மார்ச் மாதச் செலவு, வாடகை நீங்கலாக, நான்காயிரத்து இருநூற்றுப் பத்து ரூபாய். கறி, மீன்: இல்லை. மருந்து: இல்லை. பால்: கால் லிட்டர். துணிமணி: இல்லை. விருந்தினர்: இல்லை.

தங்கதுரைக்கு ஆறு வருடமாக ரத்த அழுத்த மாத்திரை உண்டு. மாத்திரையின் விலையை பிப்ரவரி 19 அன்று நானே குறித்திருக்கிறேன். ஊருக்கு ஊர் மாறாதது.

கூட்டிக் கழித்ததில் சென்னை நூறு, கோவை எண்பத்தெட்டு, திருச்சி எழுபத்தைந்து, திருநெல்வேலி ஐம்பத்தெட்டு.

ஏப்ரல் 9, புதன்

காலை பத்தே காலுக்குத் தங்கதுரை.

“அண்ணாச்சி, எங்க படிவம்லாம் வந்துட்டா?”

“வந்துடுச்சு.”

“எப்படி?” குரலில் ஒரு பெருமிதம்.

“ரொம்பக் குறைவா இருக்கு, தங்கதுரை.”

“பின்ன! கொம்பையா மொதல்ல பன்னெண்டாயிரம்னு எழுதிக் கொண்டாந்தான். ‘ஏல, நீ ஒருத்தன் போதும்லா கிளையக் கெடுக்க’ன்னு திரும்ப எழுத வச்சு, ஒம்பதையும் நானே நகல் எடுத்தேன். பெரியவர் போனதோட எல்லாம் போச்சுன்னு நெனச்சோம். சின்னவரு தாத்தா பேரக் காப்பாத்திட்டாரு. கேடயம் எப்ப அண்ணாச்சி? இங்க ஷோகேஸ்ல எடம் ஒதுக்கியாச்சு.”

லைனில் இரைச்சல் எதுவும் இல்லை.

“பாத்து சொல்றேன்,” என்றேன்.

“மெதுவாப் பாருங்க. ஒண்ணும் அவசரமில்ல.”

அறிக்கை நாளை மறுநாள் போக வேண்டும். ஒன்பது படிவங்களையும் திருப்பி அனுப்பி, இது போட்டி அல்ல என்று ஒரு வரி எழுதினால் போதும். பத்து நாள் ஆகும். கால அட்டவணை ஏற்கெனவே சுற்றுக்கு விடப்பட்டுவிட்டது.

மதியம் அறிக்கையின் அட்டை நீலமா சாம்பலா என்று ஆராய்ந்தேன். சாம்பல்.

ஏப்ரல் 10, வியாழன்

பதினேழாம் பக்கத்தில் அடிக்குறிப்பு ஒன்று சேர்த்தேன்: ‘சில கிளைகளில் செலவு குறைத்துக் காட்டப்பட்டிருக்க வாய்ப்புண்டு.’ எழுத்தின் அளவு எட்டு. இன்றைய வேலை இத்துடன் முடிந்தது. மனம் லேசாக இருந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

சின்னவர் அறிக்கையை முழுவதும் படித்தார். இந்த அலுவலகத்தில் ஓர் அறிக்கை முழுவதும் படிக்கப்படுவது இதுவே முதல் முறை. நான் அதை எதிர்பார்க்கவில்லை.

“சூப்பர் சார். இதை வச்சுப் படியை மாத்திடலாம். சென்னைக்கு ஏறும். பதிமூணாயிரம் வரைக்கும் போகும்னு நினைக்கறேன். உங்களுக்கும்தான்.” பக்கத்தைப் புரட்டினார். “இந்த ஃபுட்நோட் என்ன சார்?”

“சில கிளைகள்ல, சார்…”

“எந்தக் கிளை?”

ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர் லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. பின்னால் வரும்போது அது ஒரு பக்திப் பாடலை இசைக்கிறது.

“பொதுவாச் சொன்னது சார்.”

“பொதுவாச் சொல்றதா இருந்தா எதுக்கு சார் சொல்லணும்?”

கேள்வியில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. தவிர, எழுத்தும் மிகச் சிறியது, வயதானவர்களுக்குச் சிரமம். எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 28, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. அடிப்படைச் சம்பளத்தில் கை வைக்கப்படவில்லை. எல்லோருக்கும் ஒன்பதாயிரமாக இருந்த படி, ஜூன் ஒன்றாம் தேதிச் சம்பளத்திலிருந்து ஊர்ப் படி என்று அழைக்கப்படும்; தொகை சின்னவர் போட்ட சூத்திரப்படி. சென்னை பதிமூன்றாயிரம். கோவை பத்தாயிரத்தைந்நூறு. திருச்சி ஏழாயிரம். திருநெல்வேலி இரண்டாயிரத்தைந்நூறு.

நான் சில காலம் கல்வெட்டு வாசிக்கக் கற்றவன். விலையும் வரியும் வெட்டப்பட்ட கற்களில், வெட்டுவித்த அரசன் பெயர் இருக்கும், சாட்சிகள் பெயர் இருக்கும். கணக்குப் போட்டவன் பெயர் தேட வேண்டியிருக்கும். ஏதோ அடக்கம் என்று அப்போது நினைத்தேன்.

வசுமதியிடம் நாலாயிரம் கூடுகிறது என்று சொன்னேன். வாடகை போக ஐந்நூறு மிஞ்சும்.

“எல்லாருக்குமா?” என்று கேட்டாள்.

“ஊருக்கு ஊர் மாறும்.”

“தங்கதுரை அண்ணனுக்கு?”

“அது தனிக் கணக்கு.”

மிக்சி ஓடிக்கொண்டிருந்ததால் மேற்கொண்டு பேச முடியவில்லை.

மே 6, செவ்வாய்

உத்தரவைக் கிளைகளில் நேரில் விளக்க வேண்டுமாம். கோவைக்கும் திருச்சிக்கும் சின்னவர் போகிறார். திருநெல்வேலிக்கு நான். “உங்க ஆளுங்க சார். நீங்க சொன்னா கேட்பாங்க.”

கேடயத்தைப் பற்றிச் சொன்னேன். அதாவது, அவர்கள் ஒரு கேடயம் எதிர்பார்க்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்பதையும் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“கொடுத்துடுங்க சார்! ரெகக்னிஷன் ரொம்ப முக்கியம். காசா பணமா?”

மே 8, வியாழன்

பாரிமுனையில் கேடயம் வாங்கினேன். மரப் பலகை, நடுவில் பித்தளைத் தகடு, ‘சிக்கனத்தில் முதலிடம்: திருநெல்வேலிக் கிளை.’ எண்ணூற்றைம்பது ரூபாய். பொறிப்பதற்கு எழுத்துக்கு இரண்டு ரூபாய் தனி. ‘முதலிடம்’ என்பதற்குப் பதில் ‘முதல்’ என்று போட்டால் குறையும் என்று கடைக்காரர் சொன்னார். பெரியவர் இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்.

இன்று பிளஸ் டூ முடிவு. ஜெமிமா ஐந்நூற்றுப் பன்னிரண்டு. தங்கதுரை போனில் அழுதார். வசுமதியும் இந்தப் பக்கம் அழுதாள். நான் கேடயத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மே 13, செவ்வாய்

காலை ஏழரைக்குத் திருநெல்வேலியில் இறங்கினேன். ஸ்டேஷனுக்குத் தங்கதுரை வந்திருந்தார். இளைத்திருந்தார். என் பையை வாங்கிக்கொண்டார். செய்தித்தாளில் சுற்றிய பொதியை வாங்கவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டே வந்தார்.

கிளையில் ஒன்பது பேரும் காத்திருந்தார்கள். ஷோகேசில் இடம் துடைத்து வைத்திருந்தது. ஒரு சின்ன ஜரிகைத் துணி விரித்திருந்தது. கேடயத்தை முதலில் கொடுப்பதா, உத்தரவை முதலில் வாசிப்பதா என்று ரயிலில் யோசித்து வைத்திருந்தேன். கேடயத்தை முதலில் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். கைகளுக்கு வேலை இருக்கும்.

கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். தங்கதுரை தகட்டைக் கைக்குட்டையால் துடைத்தார். விற்பனைப் பிரிவுக் கொம்பையா, “அண்ணாச்சி, கேடயத்தோட கவர் எதுவும் உண்டா?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

“உண்டு,” என்றேன். உத்தரவை எடுத்து வாசித்தேன். எண்களை நிறுத்தி, தெளிவாக வாசித்தேன். ஆறாயிரத்தைந்நூறு குறைகிறது என்பது உத்தரவில் இல்லை; அதை அவர்களே கழித்துக்கொண்டார்கள். ஒன்பது பேர் மனக்கணக்குப் போடும்போது ஓர் அறையில் மின்விசிறிச் சத்தம் நன்றாகக் கேட்கும்.

கொம்பையாதான் முதலில் பேசினான். “கேடயம் எதுக்குன்னு இப்பத்தான வெளங்குது. அடி வரும் முன்னப் பிடிச்சிக்கிடுங்கலேன்னு குடுத்துருக்காங்க.”

“ஏல, சும்மா கெட,” என்றார் தங்கதுரை.

“என்னத்த சும்மா கெடக்க? நான் பன்னெண்டாயிரம்னுதான எழுதுனேன். நீருதான வேய் ஆறாயிரம்னு போட வச்சீரு?”

“போட்டின்னு நெனச்சம்லா.”

“யாரு சொன்னா போட்டின்னு?”

தங்கதுரை படிவத்தின் நகல் ஒன்றை மேஜையிலிருந்து எடுத்தார். அடியில் கட்டத்துக்குள் இருந்ததைக் காட்டினார். அது கை மாறி, கை மாறி, என்னிடம் வந்தது. நான் வாங்கிப் பார்த்துவிட்டு, பார்க்காதது போலத் திருப்பிக் கொடுத்தேன்.

கொம்பையா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “படிவம் அடிச்சது யாரு அண்ணாச்சி?”

“தலைமை அலுவலகம்,” என்றேன்.

“அண்ணாச்சி என்ன செய்வாவ,” என்றார் தங்கதுரை. “மேல உள்ளவங்க குடுத்ததக் கொண்டாந்துருக்காவ. அவாளக் கேட்டா எப்படி?”

மதியம் அவர் வீட்டில்தான் சாப்பாடு. மறுத்தேன், கேட்கவில்லை. செல்வமணி ஆட்டுக்கறி எடுத்திருந்தார். கணவர் போனில் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும், கண் சிவந்திருந்தது. என்றாலும் எனக்கு மூன்று தடவை கறி வைத்தார்.

“வேண்டாம் மைனி, போதும்.”

“சாப்பிடுங்க அண்ணாச்சி. மார்ச்சுல நாங்க கறி மொகத்துலயே முழிக்கல. லெந்து நாளு, தவக்காலமுன்னு இருந்துட்டேன், எனக்கு ஒண்ணும் தெரியல. இவுகதான் ஞாயித்துக்கெழம கோயில் விட்டு வரும்போது கறிக்கடை வாசலக் கண்ணை மூடிட்டுக் கடந்தாவ.”

ஜெமிமா சிரித்தாள். “மாமா, அந்த மாசம் ஒரே ஒரு ஃபேன். மூணு பேரும் ஒரே ரூம்ல. எப்பா கொறட்டையில எனக்குக் கெமிஸ்ட்ரி பாதி மறந்துட்டு.”

எனக்குப் புரியவில்லை. “படிவத்துக்காக எழுதினதுதானே அது?”

தங்கதுரை சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் சபையில் பொருளாளர். இருபது வருடமாகக் காணிக்கை எண்ணுகிறவர்.

“மத்தவன் எழுதுன மாரி இருந்தானான்னு நான் கேக்கல அண்ணாச்சி. என் படிவத்துல பொய் எழுதிக் கேடயம் வாங்கக் கூடாதுல்லா. மொதல்லயே கொறச்சு ஒரு கணக்கு எழுதிட்டேன். பொறவு அந்த மாசம் அதுக்குள்ள இருந்துட்டோம்.”

“மாத்திரை?”

“முப்பது நாளுதான.”

“முப்பத்தொண்ணு,” என்றார் செல்வமணி. “கடைசி வாரம் தல சுத்தி பாத்ரூம்ல விழுந்தாவ. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். ஒண்ணாந்தேதி போவோம், இல்லன்னா இந்த மாசக் கணக்குல ஏறிரும்ங்காவ.”

தங்கதுரையே சிரித்துக்கொண்டார். “இப்ப ஒழுங்காப் போட்டுட்டுதான் இருக்கேன் அண்ணாச்சி. நீங்க சாப்பிடுங்க.”

செல்வமணி கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே நின்றார். “அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். நாங்க கொறச்சு எழுதுனதாலதான் கொறச்சாங்களா?”

இதற்கு ஆம் என்பது ஒரு பதில். அதை நான்தான் அனுப்பினேன், ஏப்ரல் ஒன்பதாம் தேதியே எனக்குத் தெரியும் என்பது இன்னொன்று.

“அது நிறைய விஷயத்தைச் சேர்த்துப் போட்ட கணக்கு மைனி,” என்றேன்.

“அப்படித்தான் நானும் சொன்னேன்,” என்றார் தங்கதுரை மனைவியிடம். “ஒரு படிவத்துலயா நாலு ஊருக் கணக்கு நிக்கும்?”

ஜெமிமா எனக்கு மோர் கொண்டுவந்தாள். காலேஜுக்கு ஜூன் இருபதுக்குள் தொண்ணூறாயிரம் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மேஜை மேல் விண்ணப்பம் இருந்தது, தேதி தெரிந்தது.

சாயங்காலம் டவுனில், கேடயம் செய்யும் கடை ஒன்றில் சும்மா விசாரித்தேன். அதே அளவு, அதே பித்தளை. ஐந்நூற்றைம்பது.

மே 14, புதன்

வீடு வந்தேன். வசுமதி கேட்டாள்: “அண்ணனுக்குப் படி எவ்வளவு ஆச்சு?”

சொன்னேன்.

“ஏன்?”

படிவத்தைப் பற்றிச் சொன்னேன். தங்கதுரை தப்பாகப் புரிந்துகொண்டதைச் சொன்னேன். மாத்திரையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள்.

“இது உங்களுக்கு எப்ப தெரியும்?”

“இப்பத்தான், அங்க போனப்ப.”

கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஏப்ரல்ல ஒரு நாள் நீங்க சாப்பிடாம படுத்தீங்க. வயிறு சரியில்லைன்னீங்க.”

“வயிறு சரியில்லை.”

வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மே 19, திங்கள்

சின்னவரைப் பார்க்க நேரம் கேட்டேன். எதற்கென்று அவர் செயலாளர் கேட்டார். திருநெல்வேலிக் கணக்கில் ஒரு திருத்தம் என்றேன். வெள்ளிக்கிழமை பதினொன்றரை.

மே 23, வெள்ளி

பதினொன்றரைக்குப் போனேன். சின்னவர் சொன்னார்: “சார், போர்டுல உங்க ரிப்போர்ட்டை ரொம்பப் பாராட்டினாங்க. இதை வருஷத்துக்கு ரெண்டு தடவை பண்ணலாம்னு இருக்கோம். நீங்கதான் ஹெட். என்னமோ கரெக்‌ஷன்னு சொன்னீங்களாமே?”

“எழுத்துப் பிழை ஒண்ணு சார். சரி பண்ணிட்டேன்.”

ஜூன் 1, ஞாயிறு

வீட்டுக்காரருக்குப் பத்தொன்பதாயிரத்தைந்நூறு அனுப்பினேன்.

ஜூன் 12, வியாழன்

தங்கதுரை பேசினார். இந்த மாதச் சீட்டுத் தவணை கட்ட முடியவில்லை. தவணை தவறினால் ஏலத்தில் எடுக்க முடியாது. கூட்டுறவு வங்கியில் கடனுக்குச் சம்பளச் சீட்டு கேட்டார்களாம். ஒன்றாம் தேதிச் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு அறுபதாயிரம் கிடையாது, இருபதாயிரம் என்றார்களாம்.

“அண்ணாச்சி, சின்னவருகிட்ட ஒரு வார்த்த சொல்ல முடியுமா? படியக் கூட்டச் சொல்லல. ஒரு அட்வான்ஸ். ஜெமிமாவுக்குன்னு.”

“சொல்றேன்.”

சொன்னேன். அட்வான்சுக்கு உச்சவரம்பு மொத்தச் சம்பளத்தின் ஒரு பங்கு என்று விதி. மொத்தச் சம்பளம் குறைந்திருக்கிறது, அட்வான்சும் குறைந்துவிட்டது, காலேஜுக்குப் போதாது. விதியை எழுதியது நான்தான், ஒன்பது வருடத்துக்கு முன்பு.

என் சேமிப்பில் எழுபதாயிரம் இருக்கிறது. அது அவசரத்துக்கு.

ஜூன் 20, வெள்ளி

சென்னையில் மழை. நாற்பது நிமிடம்.

ஜூன் 27, வெள்ளி

ஜெமிமா வண்ணார்பேட்டையில் ஒரு துணிக்கடையில் சேர்ந்திருக்கிறாள். சேலைப் பிரிவு. காலை ஒன்பதரையிலிருந்து, நின்றுகொண்டு. வசுமதிக்குச் செல்வமணி சொன்னது. வசுமதி எனக்குச் சொன்னது, கதவருகே, செருப்பு மாட்டிக்கொண்டே. எங்கே போகிறாள் என்று கேட்டேன். மாவு வாங்க என்றாள். வீட்டில் மாவு இருந்தது.

ஜூலை 9, புதன்

வாடகை போக மிஞ்சிய ஐந்நூறு ரூபாயை வசுமதி கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கென்று சொல்லவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஐந்நூறு ரூபாய் செல்போனில் திரும்பி வந்திருக்கிறது. கூடவே செல்வமணியின் குரல் பதிவு. வசுமதி சத்தமாக வைத்துக் கேட்டாள்; நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

“வசு, கோவிச்சுக்கிடாத. நாங்க நல்லாத்தான் இருக்கோம். அண்ணாச்சிக்கு இதுல சங்கடம் எதுவும் வேண்டாம்னு இவுக சொல்லச் சொன்னாவ.”

மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை எனக்காக என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இரண்டாவது சுற்றுக்குப் படிவம்; கணக்கு செப்டம்பர் இருபத்தைந்து வரை. இந்த முறை புதிதாக வடிவமைத்தேன். தலைப்பு மாற்றப்பட்டது. கட்டம் எடுக்கப்பட்டது. முதல் வரியில், தடித்த எழுத்தில், அளவு பதினாறு: ‘இது போட்டி அல்ல. உண்மையான செலவை மட்டும் எழுதவும்.’ திருநெல்வேலிக்குத் தனியாகத் தொலைபேசியிலும் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

“சரி அண்ணாச்சி,” என்றார் தங்கதுரை. “உள்ளத எழுதிருதோம்.”

மைனி எப்படி என்று அவர் கேட்கவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

படிவங்கள் வந்தன. திருநெல்வேலியின் ஒன்பதும் இந்த முறை ஒன்பது கையெழுத்தில். எல்லாவற்றுக்கும் ரசீது இணைத்திருக்கிறார்கள். ஒன்றொன்றாகச் சரிபார்த்தேன், ஒரு ரூபாய்கூடத் தவறில்லை. இப்போதைய சம்பளத்தில் அவர்களால் எவ்வளவு செலவு செய்ய முடியுமோ அவ்வளவு செய்திருக்கிறார்கள்.

தங்கதுரையின் படிவத்தில் மருந்து: நூற்றைம்பது ரூபாய். போன ஏப்ரலில் அவர் மாத்திரைக்கு மாதம் முந்நூறு ஆகும் என்று ஒரு முறை கணக்குப் பார்த்திருந்தேன். கல்வி: இல்லை.

மாலை ஐந்து மணிக்கு எண்கள் முடிந்தன. சென்னை நூறு. கோவை எண்பத்தொன்பது. திருச்சி எழுபத்திரண்டு. திருநெல்வேலி ஐம்பத்தொன்று. சின்னவரின் சூத்திரப்படி ஐம்பத்தைந்துக்குக் கீழே உள்ள ஊருக்கு ஊர்ப் படி கிடையாது. நாளை முதல் அமலுக்கு வருகிறது.